முந்திரிக்காட்டு மடத்தில் இருக்கும் என் மகளுக்கு

ரெஜி, இந்த உறையை நான் ஒட்டவில்லை. ஒட்டினாலும் மடத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் உன் கையில் கொடுப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. மடத்துக்குத் தலைவியான மதரே முதலில் படிக்கட்டும். வேண்டுமானால் சாப்பாட்டு அறையில் எல்லா சிஸ்டர்களுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். ஒளித்துச் சொல்வதற்கு என்னிடம் எதுவுமில்லை. சொல்ல வந்தது இதுதான்: எனக்குப் பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் என்னை முன்னால் கூப்பிட்டு, உன்னுடைய நிரந்தர வார்த்தைப்பாட்டுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்று எல்லோருக்கும் அறிவித்தார். சாகும்வரை அந்த மடத்தின் சுவருக்குள்ளேயே இருப்பேன் என்று நீ பீடத்துக்கு முன்னால் வாய்விட்டுச் சொல்லப்போகிறாய். கோவிலில் கைதட்டினார்கள். ஆண்கள் வந்து என் கையைக் குலுக்கினார்கள், பெண்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். "குடுத்து வச்சவருங்க நீங்க" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றப்போய், ஒரே பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றேன். அம்மா பார்த்துவிட்டு அவளே கழற்றிவிட்டாள்.

நான் கட்டடம் கட்டிப் பிழைக்கிறவன். கறம்பக்குடியில் இரண்டு மாடி, மூன்று மாடி என்று எழும்பிய வீடுகளில் பாதிக்குச் சாரத்தில் ஏறி நின்றிருக்கிறேன். ஒரு தடவை சாரக்கம்பு முறிந்து மணல் குவியலில் விழுந்து, எழுந்து, டீ குடித்துவிட்டு மறுபடி ஏறினேன். அந்த மாதிரிப் பயம் எனக்கு வராது. இது வேறு. சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துவிடுகிறேன். சித்தாளிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு மறந்துவிடுகிறது. மகளைக் கட்டிக்கொடுக்கிற அப்பன்மாருக்கும் பயம் இருக்கும். ஆனால் அவர்களுக்குத் தீபாவளி உண்டு, பொங்கல் உண்டு, பிரசவம் உண்டு, ஒரு சண்டை வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்க ஒரு வீடு உண்டு. எனக்கு இருப்பது மாதம் ஒருமுறை, ஒரு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் போட்ட பிளாஸ்டிக் நாற்காலி.

எல்லாம் அந்தப் பெரிய புயலில்தான் ஆரம்பித்தது. உனக்குக் கல்லூரியில் கடைசி வருடம். தென்னை மரங்கள் முறிந்து சாய்ந்து கிடந்தன, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காடு முழுக்க வேரோடு புரண்டு கிடந்தது. கல்லூரிக்கு விடுமுறை, ஊரில் கரண்ட் இல்லை, செல்போன் பேசாது. மடத்துச் சுற்றுச்சுவர் மேற்குப் பக்கம் விழுந்துவிட்டது என்று எனக்கு ஆள் வந்தது. வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் நீயும் என்னோடு கிளம்பினாய். அந்த மடம் அங்கே இருப்பது எனக்குத் தெரியும், உள்ளே இருப்பவர்களை நான் பார்த்ததே கிடையாது. பள்ளிக்கூடம் நடத்துகிற, ஆஸ்பத்திரி நடத்துகிற சிஸ்டர்களைப் போல இவர்கள் தெருவில் நடமாட மாட்டார்கள். ஓட்டுப் போடவும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வெளியே கால் வைப்பதில்லை. நாள் முழுக்க ஜெபமும் வேலையும், குறித்த நேரம் தவிரப் பேச்சும் கிடையாது. ஊரில் சிலர் அந்த வழியாகப் போகும்போது குரலைக் குறைத்துக்கொள்வார்கள்.

நாம் போய்ப் பார்த்தபோது நான் நினைத்த மாதிரி எதுவும் இல்லை. மோட்டார் ஓடாததால் ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. மடத்துக் கிணற்றில் பழைய ராட்டினம் இருந்தது. விழுந்த சுவரின்மேல் ஏறி மிதித்துக்கொண்டு பெண்கள் குடத்தோடு வரிசையாக உள்ளே போனார்கள், சாமி கும்பிடுகிறவர், நம்மைப் போல வேதக்காரர் என்று பார்க்காமல். சிஸ்டர்கள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மாற்றி மாற்றித் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார்கள். நீயும் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாய். நான் செங்கல்லை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். உன் பக்கத்தில் நின்ற வயதான சிஸ்டரிடம் நீ கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"சுவரு இல்லாம ஒங்களுக்குப் பயமா இல்லையா சிஸ்டர்?"

"புயலடிச்சப்ப நாங்க அத்தன பேரும் சாப்பாட்டு மேசைக்கு அடியில கெடந்தோம். நான்தான் சத்தமா அழுதேன். பயப்படாதவங்கன்னு எங்கள யாரு சொன்னா?"

அந்த அம்மாள் சொல்லிவிட்டுச் சிரித்தார். நீயும் சிரித்தாய். எனக்கு அந்த இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு சுவர் எழும்பும்வரை தினமும் என்னோடு வந்தாய். ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்தாய், செங்கல் நனைக்கத் தண்ணீர் ஊற்றினாய், மிச்ச நேரமெல்லாம் உள்ளே போய் ஒடிந்த கிளைகளை அவர்களோடு சேர்ந்து இழுத்துப் போட்டாய். கடைசியாக ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளிதான் மிச்சமிருந்தது. "அத நாளைக்கு அடைங்களேன்ப்பா" என்றாய். கலவை குழைத்தாகிவிட்டது, வீணாகிவிடும் என்று சொல்லி நான் அடைத்துவிட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாய். வெயிலில் அலைந்த அசதி என்று நினைத்தேன்.

நீ விஷயத்தைச் சொன்ன நாளில் அம்மா அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அப்போது உனக்கு இரண்டு இடத்தில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தோம். ஒருவன் துபாயில், ஒருவன் திருச்சியில் பேங்கில். யாரைப் பிடித்திருக்கிறது என்று அம்மா கேட்டதற்குத்தான் நீ பதில் சொன்னாய். அம்மா மீனைப் போட்டுவிட்டு, கழுவாத கையோடு உன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"யாராச்சும் ஒன்ன ஏமாத்திட்டானா? அதச் சொல்லு. எதுவா இருந்தாலும் நான் பாத்துக்கிறேன்."

"அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அப்ப எதுக்குடி அங்கிட்டுப் போயி உசுரோட பொதைஞ்சுக்கணும்?"

நான் குறுக்கே வந்தேன். "கன்னியாஸ்திரியாகணும்னா ஆயிக்க ரெஜி, வேணாங்கல. நர்ஸ் வேல பாக்குற சிஸ்டர்ஸ் இருக்காங்க. ஸ்கூலு நடத்துறவங்க இருக்காங்க. வெளிய தெருவ வந்து போலாம். நாலு பேருக்கு ஒதவியா இருக்கும்."

"நான் வேலைக்குப் போறதா இருந்தா வீட்டுலேர்ந்தே போவேனேப்பா" என்றாய். "சும்மா இருக்கிறதுக்குத்தான் அங்க போறேன். ஆனா அது நீங்க நெனைக்கிற சும்மா இல்ல. எனக்குச் சொல்லத் தெரியல."

எனக்கும் அது புரியவில்லை. இன்றைக்கும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் பொறுத்துப் பார்க்கச் சொன்னோம், பொறுத்தாய். மறந்துவிடுவாய் என்று இருந்தோம், மறக்கவில்லை. உன்னைக் கொண்டுவந்து விட்ட நாளில் அந்த உள்கதவு திறந்ததும் உள்ளே வரிசையாக மெழுகுவத்தியோடு நின்றார்கள். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று அம்மா கையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். கதவு சாத்தி, தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்ட பிறகும் அவள் கையை இறக்கவில்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

பிறகு அந்தக் கம்பித் தடுப்பு. முதலில் பார்க்க வந்தபோது நீ கொஞ்சம் பூசினாற்போல இருந்தாய். தோட்டத்தில் கத்தரி போட்டிருப்பதாக, பீடத்துக்கு வைக்கிற அப்பம் சுடக் கற்றுக்கொள்வதாக மூச்சுவிடாமல் பேசினாய். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. அப்படியே இரண்டு மூன்று வருடம் போனது. தலையில் வெள்ளை முக்காடு வந்தது, முதல் வார்த்தைப்பாடு கொடுத்தாய், அது தற்காலிகமானதுதான், விருப்பமில்லை என்றால் விட்டுவிட்டு வரலாம் என்று மதர் என்னிடம் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடமாடினேன்.

பிறகு ஒரு தவக்காலம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளும் பார்க்க விடமாட்டார்கள். அதற்கு முந்தின தடவை வந்தபோதே உனக்கு இருமல் இருந்தது. கையை வாயில் வைத்து அடக்கினாய். "என்னம்மா இருமுற?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கேன்ப்பா" என்றாய். அம்மா கேட்டதற்கும் அதையே சொன்னாய். யாரும் கேட்காதபோதும் ஒருமுறை சொன்னாய். பஸ்ஸில் ஏறியதும் அம்மா, "அவ நல்லா இல்லைங்க" என்றாள். அந்தத் தவக்காலம் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். போன் மணி அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். இரண்டு தடவை சும்மா அந்த வழியாகப் போய்ச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். உள்ளே யாராவது இருமுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டேன். நான் கட்டிய சுவர், ரெஜி. ஒன்பது அங்குலச் சுவர். ஒரு சத்தமும் வரவில்லை.

பெரிய வியாழனுக்கு முன்னால் மதரே கூப்பிட்டார். நீ ஜெபத்தில் முழங்காலில் இருந்தபடியே சாய்ந்துவிட்டாய், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், வாங்க என்றார். காய்ச்சலையும் இருமலையும் நீ யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாய், உடம்பை வருத்திக்கொள்கிற தவக்காலத்து ஒறுத்தல் என்று. சளி முற்றி நுரையீரலைப் பிடித்துவிட்டது என்றார் டாக்டர். முகத்தில் ஆக்சிஜன் மூடி, கையில் ஊசி. முக்காட்டை எடுத்திருந்தார்கள். உன் முடியை அவ்வளவு குட்டையாக நான் பார்த்தது நீ கைக்குழந்தையாக இருந்தபோது மொட்டையடித்து முளைத்த சமயத்தில்தான். அம்மா உன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் வெளியே வந்து மதரைப் பிடித்துக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் வார்டே வேடிக்கை பார்த்தது.

"ஒங்க கண்ணு முன்னால எளச்சிருக்கா, ஒங்களுக்குத் தெரியலயா? பேசக்கூடாதுன்னா சாகுறதும் பேசாமத்தான் சாகணுமா?"

அவர் கண் கலங்கி நின்றார். "நான் கவனிச்சிருக்கணும். கவனிக்கல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. வாங்க, உள்ள போயி அவகிட்ட உக்காருவோம்" என்றார். சண்டையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே உள்ளே போனேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன், இதைப் புத்தி சொல்வதாகவே எடுத்துக்கொள். உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல். கடவுளுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன் என்று இருமலை விழுங்காதே. நீ விழுந்தால் உன்னைத் தூக்குகிறவள் உன்னைவிட வயதான ஒரு சிஸ்டர். அவளுக்காகவாவது சொல். ஒரு நாள் ஜெபத்துக்குப் போகாமல் படுத்துக் கஞ்சி குடிப்பதால் ஒருவரும் நரகத்துக்குப் போவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் மதர்தான் சொன்னார், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், உடம்பு தேறட்டும், தேறிய பிறகு அவளே யோசிக்கட்டும் என்று. அம்மா அந்தப் பேச்சைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிவிட்டாள். கார் பிடித்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். உன்னை மீட்டுவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. மிக்ஸி ஓடினால் நீ சுவரோடு ஒட்டிக்கொண்டாய். பக்கத்து வீட்டு டிவி சத்தத்துக்குக் காதைப் பொத்தினாய். பார்க்க வந்தவர்கள் உன் தலையையே உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி உன் காதுபட, "ஓடி வந்துட்டாளா?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா அவளை வாசலோடு அனுப்பிவிட்டாள், ஆனால் நீ அன்று சாப்பிடவில்லை. சந்தை நாளில் உன்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனேன், நாலு முகத்தைப் பார்த்தால் சரியாகும் என்று. ரோட்டைக் கடக்க வேண்டிய இடத்தில் நீ நின்றுவிட்டாய். லாரியும் பைக்கும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன, நீ என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "முடியலப்பா, முடியலப்பா" என்கிறாய். புதுக்கோட்டைக்குத் தனியாக பஸ்ஸேறி, படிக்கட்டில் நின்று கல்லூரிக்குப் போய் வந்த பிள்ளை. அங்கேயே உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெண்ணை என்ன செய்துவிட்டார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மெதுவாகத்தான் தேறினாய். அம்மாவின் கையால் ஆட்டுக்கால் சூப்பு, மத்தியானம் தூக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள், அவர்களைத் திட்டும் அளவுக்குக் குரல் வந்தது. தலைமுடி காதுக்குக் கீழே இறங்கியது. ஒரு நாள் நீ தனியாகக் கடைக்குப் போய் ரோட்டைத் தாண்டி, தேங்காய் வாங்கிக்கொண்டு வந்தாய். அம்மா அதைப் பண்டிகைபோலக் கொண்டாடினாள். உனக்கு இரண்டு சுடிதார் எடுத்தாள். திருச்சிக்காரனுக்கு இன்னும் ஆகவில்லையாம் என்று என் காதில் மெல்லப் போட்டாள். நானும் ஆசைப்பட்டேன், ரெஜி. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில்தான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கு மத்தியானச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாய். நான் கை கழுவிவிட்டு உட்கார்ந்தேன். ஜல்லிக் குவியல்மேல் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "நான் திரும்பப் போகணும்ப்பா" என்றாய். பிசைந்த சோற்றை அப்படியே வைத்தேன். நீ அதோடு நிறுத்தவில்லை. "ஆனா பயமா இருக்கு" என்றாய்.

பயம் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. "பயமா இருந்தா போகாதம்மா. யாரு ஒன்னக் கட்டாயப்படுத்துறா?"

"இங்க இருக்கவும் பயமா இருக்குப்பா. அங்க, ராத்திரி படுத்தா எம்மனசுக்குள்ள இருக்கிற எல்லாச் சத்தமும் எனக்கே கேக்கும். மொத வருசம் பைத்தியம் புடிச்சிரும்னு நெனச்சேன். அப்புறம் ஒரு நாளு அது அடங்குச்சு. அடங்குனப்ப என்னா இருந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அத விட்டுட்டு இங்க இருந்துருவேனோன்னு பயமா இருக்கு. அங்க போயி அது மறுபடி கெடைக்காமப் போயிருமோன்னும் பயமா இருக்கு."

நீ அதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். ஏமாற்றப்பட்ட பிள்ளையின் முகமாக இல்லை அது. எனக்கு அதுதான் இன்னும் அச்சமாக இருந்தது. யாராவது உன்னை மயக்கி வைத்திருந்தால் நான் சண்டை போட்டு மீட்டுவிடுவேன். இதில் நான் யாரிடம் சண்டை போடுவது?

மறுவாரம் உன்னைக் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனேன். அம்மா வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள். மடத்து வாசலில் மணிக்கயிறு தொங்குகிறது. நீ அதைப் பிடித்தாய், இழுக்கவில்லை. புயலுக்குப் பிறகு வளர்ந்த முந்திரி மரத்தடியில் ஆட்டை ஓட்டிக்கொண்டு போன ஒரு பெண் நம்மைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். உனக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. நான் இழுக்கட்டுமா என்று கேட்கவும் எனக்குத் தைரியமில்லை, வா போய்விடலாம் என்று சொல்லவும் தைரியமில்லை. அதற்குள் உள்ளிருந்து யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும், மதரே கதவைத் திறந்தார். உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னைக்கு வேணாம்மா" என்றார். "பயந்துகிட்டு உள்ள ஓடி வர்றதும் வேணாம், பயந்துகிட்டு வெளிய ஓடுறதும் வேணாம். மோர் குடிச்சிட்டு அப்பாவோட வீட்டுக்குப் போ. நீ வந்தா கதவு தெறக்கும். வராட்டியும் நாங்க ஒனக்காக ஜெபம் பண்ணுறது நிக்காது."

அந்தப் பெண்மணிமேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கே இறங்கியது. இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், மதர், மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. அவள் இன்னொரு தடவை அப்படி இளைத்தால் நான் மறுபடியும் சத்தம் போடுவேன்.

அதற்குப் பிறகு நாலைந்து மாதம் வீட்டில் இருந்தாய். மாப்பிள்ளைப் பேச்சை அம்மா தானாகவே விட்டுவிட்டாள். நீ ஆடு வளர்க்கலாமா என்று கேட்டாய், அம்மாவோடு சண்டை போட்டாய், கிறிஸ்மசுக்கு நட்சத்திரம் கட்டினாய். மடத்தைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. போகமாட்டாய் என்று நான் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தேன். தை பிறந்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குப் போறேன்ப்பா. நான் மட்டும் போயிக்கிறேன்" என்றாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். "நீங்க கொண்டாந்து விட்டா, நீங்க விட்டதாத்தான் இருக்கும்." அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டாள். அழவில்லை. எங்கிருந்து அவளுக்கு அந்தப் பலம் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டுவரை மட்டும் வந்தேன். கந்தர்வக்கோட்டை பஸ் கூட்டமாக இருந்தது, உனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். டிரைவர் நீளமாக ஹாரன் அடித்தார். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ திடுக்கிடவில்லை. கண்டக்டரிடம் டிக்கெட் கேட்டாய், பக்கத்தில் நின்ற பெண்ணின் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாய். பஸ் போய்விட்டது. மடத்திலிருந்து, வந்து சேர்ந்துவிட்டாள் என்று போன் வரும்வரை நான் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான், எதற்கு எழுதுகிறேன் என்று நினைப்பாய். நீ அங்கே நின்று பார்த்ததை நான் இங்கே நின்று எப்படிப் பார்த்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். எனக்கு வயதாகிறது. சாரம் ஏறினால் இப்போது முழங்கால் சொல்கிறது. எனக்கு ஒன்று ஆனால் நீ வரமாட்டாய், வர விடமாட்டார்கள் என்று முன்பெல்லாம் அதையே நினைத்துப் பயந்தேன். மதரிடம் கேட்டேன். அந்தக் காலம் மாதிரி இல்லை, அப்பா அம்மாவுக்கு என்றால் அனுப்புவோம் என்றார். அது கொஞ்சம் நிம்மதி. ஆனால் என் பெரிய பயம் நான் சாவதைப் பற்றியது இல்லை. நீ வயதாகி, முடி நரைத்து, நாங்கள் இருவரும் போன பிறகு, ஒரு நாள் உன் மனதுக்குள் இருக்கும் சத்தம் மறுபடியும் எழுந்தால் யாரிடம் சொல்வாய்? தப்புச் செய்துவிட்டோமோ என்று அன்றைக்குத் தோன்றினால் எந்த வீட்டுக்கு வருவாய்? அந்த வயதான சிஸ்டர் மாதிரி, பயந்தேன், அழுதேன் என்று வெளியே சொல்லிச் சிரிக்கிறவர்கள் உன் பக்கத்தில் எப்போதும் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நீயும் பின்னால் வருகிற சின்னப் பிள்ளைகளுக்கு அப்படி இரு. தைரியசாலி வேஷம் போடாதே.

வார்த்தைப்பாட்டுப் பூசையில் சாமியார் உன்னிடம் ஒரு கேள்வி கேட்பார் என்று சொன்னார்கள். உன் முழு விருப்பத்தோடு, யாருடைய கட்டாயமும் இல்லாமல் வந்திருக்கிறாயா என்று. ஊரிலிருந்து வேன் பிடித்துக்கொண்டு உறவெல்லாம் வருகிறார்கள். அம்மா அந்த வேனில் வருவாள், உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டுக்கொண்டு. அத்தனை பேரும் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிரியாணி அண்டாவில் தயாராக இருக்கும். இவ்வளவு தூரம் வந்த பிறகு எப்படி என்று உனக்குத் தோன்றலாம். எங்கள் முகத்துக்காக, அந்த மதரின் முகத்துக்காக, கைதட்டிய ஊருக்காக நீ ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது. ஆம் என்று உன் மனது சொன்னால் சத்தமாகச் சொல், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி சொல். நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். அழுதாலும் அழுவேன், பிறகு கை கழுவிவிட்டு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

இல்லை என்று தோன்றினால் யார் முகத்தையும் பார்க்காதே. நடுப்பாதையில் நேரே நடந்து வெளியே வா. நான் அந்த வேனில் வரவில்லை, தனியாக பைக்கில் வருகிறேன். மடத்து வாசல் மரத்தடியில், ரோட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி வைத்திருப்பேன்.

உன் அப்பா